சான்றிதழ் வந்த பிறகும் ப்ரஷர் கேஜ் ஏன் தவறாகக் காட்டுகிறது?

ஆய்வகத்திலிருந்து காலிபரேஷன் சான்றிதழுடன் திரும்பி வந்த டிஜிட்டல் ப்ரஷர் கேஜ், அனுப்புவதற்கு முன்பு காட்டிய அதே அளவையே காட்டுகிறது. பக்கத்துக் குழாயில் உள்ள கேஜுடன் அது 0.05 பார் வேறுபட்டு வந்ததும் மாறவில்லை. கட்டணம் செலுத்தியவர் தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ணுவது இயல்புதான். பெரும்பாலும் அப்படி எதுவும் நடந்திருப்பதில்லை. அந்தக் கருவி எந்த அழுத்தத்தில் எவ்வளவு பிழையாகக் காட்டுகிறது என்பது சான்றிதழின் உள்பக்கத்தில் அட்டவணையாக இருக்கும். முதல் பக்க முத்திரையைப் பார்த்ததும் சான்றிதழைக் கோப்பில் சேர்த்துவிடுவதால் அந்த அட்டவணை யார் கண்ணிலும் படுவதில்லை.

மின்னணு அழுத்தக் கருவிகளின் துல்லியத்தைப் பற்றிய பெரும்பாலான குழப்பங்கள், காலிபரேஷன் என்பதையும் பழுது நீக்குவதையும் ஒன்றாக எண்ணுவதிலிருந்து பிறக்கின்றன.

சொல்லிலேயே உள்ள சிக்கல்

கலைச்சொல் பட்டியல்களில் இதற்கு ‘அளவுத்திருத்தம்’ என்ற சொல் உண்டு. சொல் அழகாக இருந்தாலும் அதிலுள்ள ‘திருத்தம்’ தவறான எதிர்பார்ப்பை விதைத்துவிடுகிறது. பன்னாட்டு அளவியல் அகராதியின்படி காலிபரேஷன் என்பது ஒப்பீடு மட்டுமே: ஏற்கெனவே மதிப்பறிந்த அழுத்தத்தைக் கொடுத்து, கருவி என்ன காட்டுகிறது என்று குறித்து, இரண்டுக்கும் உள்ள தொடர்பை அந்த ஒப்பீட்டின் ஐயப்பாட்டோடு (அந்த ஒப்பீடே எவ்வளவு தவறியிருக்கலாம் என்ற எல்லை) பதிவு செய்வது. கருவிக்குள் கைவைத்து அதன் காட்டலை மாற்றுவது வேறு வேலை. அதைச் சரிக்கட்டல் எனலாம், தொழிற்சாலைகளில் ‘ட்ரிம்’ என்பார்கள். இக்கட்டுரையில் இவ்விரண்டும் கலந்துவிடாமலிருக்க ‘காலிபரேஷன்’ என்ற புழக்கச் சொல்லையே பயன்படுத்துகிறேன்.

இன்னும் இரண்டு சொற்களையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிரிதிறன் என்பது கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய மாற்றம். துல்லியம் என்பது காட்டும் மதிப்பு உண்மையான மதிப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது. திரையில் 6.437 என்று மூன்று தசம இலக்கங்கள் தெரிவது பிரிதிறனை மட்டுமே சொல்கிறது. உண்மை அழுத்தம் 6.40 ஆகவும் இருக்கலாம். முள் கேஜிலிருந்து டிஜிட்டலுக்கு மாறியவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

துல்லியத்தை விற்பனைத் தாளில் எழுதும் முறையும் கவனிக்கத்தக்கது. 100 பார் வரை அளக்கும் கருவிக்கு ‘முழு அளவில் 0.1%’ என்று போட்டிருந்தால் எந்த இடத்திலும் 0.1 பார் வரை பிழை அனுமதிக்கப்பட்டது என்று பொருள். அதே கருவியை 5 பார் குழாயில் மாட்டினால் அந்த 0.1 பார், அளக்கும் மதிப்பில் 2% ஆகிவிடும். பெரிய வீச்சுள்ள கேஜ் ‘எதற்கும் உதவும்’ என்று வாங்குவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

கருவிக்குள் நடப்பது

இன்று புழங்கும் மின்னணு அழுத்தக் கருவிகளில் பெரும்பங்கு சிலிக்கான் உணரிகள். ஒரு மெல்லிய சிலிக்கான் தகடு அழுத்தத்தால் சற்றே வளைகிறது. அதில் பதிக்கப்பட்ட நான்கு மின்தடைகள் திரிபுக்கு உள்ளாகித் தம் மதிப்பை மாற்றிக்கொள்கின்றன. சிலிக்கானிலும் ஜெர்மானியத்திலும் இவ்விளைவு மிகப் பெரிது என்பதை 1954-இல் பெல் ஆய்வகத்தின் சார்ல்ஸ் ஸ்மித் வெளியிட்டார். பள்ளியில் படித்த வீட்ஸ்டன் சமனச்சுற்றாக அந்த நான்கு மின்தடைகளும் இணைக்கப்பட்டிருப்பதால், வளைவு சில மில்லிவோல்ட் அளவுள்ள மின்னழுத்தமாக வெளிவருகிறது. வேறு சில கருவிகளில் வளையும் தகடு ஒரு மின்தேக்கியின் ஒரு பக்கமாக அமைந்து, மின்தேக்குதிறனின் மாற்றம் அளக்கப்படுகிறது.

இந்தச் சிறு மின்னழுத்தம் அழுத்தத்துக்கு மட்டுமல்லாமல் வெப்பநிலைக்கும் இசைந்து மாறுகிறது. எனவே உற்பத்திச் சாலையில் ஒவ்வோர் உணரியையும் பல வெப்பநிலைகளிலும் பல அழுத்தங்களிலும் வைத்துப் பார்த்து, ஈடுசெய்யும் குணகங்களைக் கணித்து அதன் நினைவகத்தில் எழுதிவிடுகிறார்கள். நாம் திரையில் காணும் எண், உணரியின் காட்டலை அந்தக் குணகங்களைக் கொண்டு ஒரு சிறு கணினி மாற்றித் தரும் விடை. உணரி மூப்படையலாம், அளவுக்கு மீறிய அழுத்தத்தால் தகட்டில் நிரந்தரத் திரிபு ஏற்படலாம், தகட்டின் பின்னுள்ள எண்ணெய்க்குள் வாயு புகலாம். அப்போதும் குணகங்கள் பழையவையாகவே இருக்கும். கருவி எந்த எச்சரிக்கையும் தராமல் தவறத் தொடங்குவது இப்படித்தான்.

பிழைகள் நான்கு வகையாகத் தெரியும்:

1. சுழிப்பிழை: அழுத்தமே இல்லாதபோதும் ஓர் எண்ணைக் காட்டுவது. எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு நகர்ந்திருக்கும்.
2. வீச்சுப் பிழை: சுழியில் சரியாக இருந்து, அழுத்தம் ஏற ஏறப் பிழையும் வளர்வது.
3. வளைவு: கீழும் மேலும் சரியாக இருந்து நடுவில் விலகுவது.
4. தயக்கம்: அழுத்தம் ஏறும்போது 5 பாரில் காட்டிய மதிப்பும் இறங்கும்போது அதே 5 பாரில் காட்டும் மதிப்பும் வேறுபடுவது.

முதல் இரண்டையும் சரிக்கட்டலாம். வளைவை, கருவியின் மென்பொருள் இடம் கொடுத்தால் ஓரளவு குறைக்கலாம். தயக்கம் தகட்டின் இயல்போடு சேர்ந்தது, அதற்கு மருந்தில்லை.

எந்த அழுத்தம், எந்த அலகு

தனி அழுத்தம் வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்டது. கேஜ் அழுத்தம் சுற்றியுள்ள வளிமண்டலத்தைச் சுழியாகக் கொண்டது. வேறுபாட்டு அழுத்தம் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்டது. கேஜ் வகை உணரிகளின் பின்புறத்தில் வெளிக்காற்று புகும் நுண்துளை இருக்கும். அது தூசியாலோ பெயிண்டாலோ அடைபட்டால், வெளியே வளிமண்டல அழுத்தம் மாறும்போதெல்லாம் கருவியின் சுழியும் நகரும். நுண்துளையே இல்லாமல், கடல்மட்டக் காற்றை உள்ளே அடைத்து மூடிய உணரியை உதகமண்டலத்துக்குக் கொண்டுபோனால் இது பெரிதாகத் தெரியும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 77 கிலோபாஸ்கல், கடல்மட்டத்தில் 101. எதிலும் மாட்டாத கருவி அங்கே −0.24 பார் என்று காட்டும். கருவி பழுதாகிவிட்டது என்று அதைத் திருப்பி அனுப்பினால், சமவெளி ஆய்வகத்தில் சரியாகவே காட்டும்.

அலகுகளில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். நம் பட்டறைகளில் ‘ஏழு கிலோ ப்ரஷர்’ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோகிராம் விசை. அது 7 பார் அல்ல, 6.865 பார். இந்த 2% வேறுபாட்டைக் கருவியின் பிழை என்று எழுதி அனுப்புவது அரிதான நிகழ்வன்று.

எதனோடு ஒப்பிடுவது?

அழுத்தம் என்பது பரப்பின் மீது செயல்படும் விசை. இந்த வரையறையையே இயந்திரமாகச் செய்தது போன்றது டெட் வெயிட் டெஸ்டர். பரப்பு துல்லியமாகத் தெரிந்த பிஸ்டன் மீது நிறை தெரிந்த எடைத் தட்டுகளை அடுக்கினால், அடியிலுள்ள எண்ணெய் அல்லது வாயுவின் அழுத்தத்தைக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். உராய்வு தடுக்காமலிருக்கப் பிஸ்டனைச் சுழலவிட்டு, அது மிதக்கும் நிலையில் அளவெடுப்பார்கள்.

இங்கே புவியீர்ப்பு குறுக்கிடுகிறது. தட்டுகளில் பொறித்திருக்கும் ‘100 பார்’ பெரும்பாலும் 9.80665 என்ற செந்தர ஈர்ப்பு முடுக்கத்துக்கு உரியது. சென்னையின் அட்சரேகைக்குச் சூத்திரப்படி கணக்கிட்டால் இது சுமார் 9.783 தான். அதாவது அந்தத் தட்டுகள் சென்னையில் உண்மையில் தருவது ஏறத்தாழ 99.76 பார், வேறுபாடு 0.24%. 0.05% துல்லியமுள்ள கேஜை இந்தத் திருத்தம் செய்யாமல் ஒப்பிட்டால், கேஜ் குற்றவாளியாகிவிடும். தட்டுகளைக் காற்று மேலே தூக்கும் மிதப்பு விசை இன்னொரு 0.015%. அதைப் பொருட்படுத்துவதும் விடுவதும் நாம் வேண்டும் துல்லியத்தைப் பொறுத்தது.

மட்ட வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. ஒப்பிடும் கருவியின் மட்டத்துக்கும் ஒப்பிடப்படும் கருவியின் மட்டத்துக்கும் 10 சென்டிமீட்டர் உயர வேறுபாடு இருந்து, இடையே எண்ணெய் நிரம்பியிருந்தால், அதுவே சுமார் 0.008 பார் சேர்க்கும் அல்லது குறைக்கும். ஆயிரம் பார் கேஜுக்கு அது ஒன்றுமில்லை. 10 பார் கேஜுக்கு அப்படியல்ல.

எல்லா இடத்திலும் டெட் வெயிட் டெஸ்டர் தேவைப்படுவதில்லை. அன்றாட வேலைக்குத் துல்லியமான டிஜிட்டல் ஒப்பீட்டுக் கருவியும் ஒரு கைப் பம்பும் போதும். அந்த ஒப்பீட்டுக் கருவி அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலும், அந்த ஆய்வகத்தின் செந்தரம் (ஒப்பிட அடிப்படையாகக் கொள்ளும் கருவி) அதற்கு மேலுள்ள ஆய்வகத்திலும் ஒப்பிடப்பட்டு, இந்தியாவில் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை சங்கிலி அறுபடாமல் செல்ல வேண்டும். ஒப்பிடும் கருவியின் ஐயப்பாடு, ஒப்பிடப்படும் கருவியின் அனுமதிப் பிழையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது தொழிலில் நெடுங்காலமாக வழங்கும் விதி.

ஒரு ட்ரான்ஸ்மிட்டரை மேசையில் வைத்தால்

0 முதல் 10 பார் வரை அளந்து 4 முதல் 20 மில்லியாம்பியர் மின்னோட்டமாக அனுப்பும் ட்ரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொள்வோம். சுழி அழுத்தத்துக்கு 0 அல்லாமல் 4 மில்லியாம்பியர் வைத்திருப்பதற்குக் காரணம், கம்பி அறுந்ததையும் அழுத்தம் இல்லாததையும் பிரித்தறிய முடிய வேண்டும் என்பதே. இதன் அனுமதிப் பிழை 0.2%, அதாவது 0.02 பார் என்று கொள்வோம்.

1. கருவியை அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, மின்சாரம் கொடுத்துச் சூடேற நேரம் தர வேண்டும். களத்தில் எந்த நிலையில் பொருத்தப்படுமோ அதே நிலையில் நிறுத்த வேண்டும்; படுக்கவைத்தால் உள்ளிருக்கும் எண்ணெயின் எடையே சில உணரிகளின் சுழியை நகர்த்திவிடும்.
2. இணைப்புகளில் கசிவு இல்லையென்று உறுதி செய்த பின், முழு அழுத்தம் வரை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்க வேண்டும். நெடுநாள் அசையாதிருந்த தகடு இதனால் தன் இயல்புக்கு வரும்.
3. ஐந்து புள்ளிகளில் ஏறுமுகமாகவும் அதே புள்ளிகளில் இறங்குமுகமாகவும் அளவெடுக்க வேண்டும். ஏறும்போது 5 பாரைத் தாண்டி 5.1-க்குப் போய்விட்டால், அப்படியே 5-க்கு இறக்கிக் குறிக்கக் கூடாது. கீழே போய் மீண்டும் ஏறி வர வேண்டும். இல்லாவிட்டால் தயக்கத்தின் அளவு கலங்கிவிடும்.
4. பம்பை அழுத்தியவுடன் காற்று சூடாகி, பிறகு குளிர்வதால் அழுத்தம் சற்று இறங்கும். காட்டல் நிலைக்கும்வரை காத்திருந்தே எழுத வேண்டும்.

விளக்கத்துக்காக இப்படி எண்கள் கிடைத்ததாகக் கொள்வோம். ஏறுமுகத்தில் 0, 2.5, 5, 7.5, 10 பாருக்கு முறையே 4.032, 8.028, 12.020, 16.004, 19.984 மில்லியாம்பியர். இறங்குமுகத்தில் 7.5-க்கு 16.012, 5-க்கு 12.030, 2.5-க்கு 8.036, சுழியில் 4.034. வர வேண்டியவை 4, 8, 12, 16, 20.

சுழியில் 0.032 மில்லியாம்பியர் அதிகம். 16 மில்லியாம்பியர் வீச்சில் அது 0.2%. உச்சியில் 0.016 குறைவு, அது 0.1%. இதைப் பார்த்ததும் பலரும் செய்வது, சுழிப் பொத்தானை அழுத்தி 4.000-க்குக் கொண்டுவருவது. விளைவு என்ன? எல்லாப் புள்ளிகளும் 0.032 கீழே இறங்க, உச்சி 19.952 ஆகிறது. அங்கே இருந்த 0.1% பிழை 0.3% ஆகி, அனுமதி எல்லையைத் தாண்டிவிடுகிறது. சுழியைச் ‘சரி’ செய்ததாலேயே, 9–10 பாரில் இயங்கும் ஆலைக்கு அக்கருவி முன்னைவிட மோசமாகிவிட்டது. சுழியும் வீச்சும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டியவை.

இரண்டையும் சரிக்கட்டியபின் 0-வும் 10-உம் பொருந்தும். நடுவில் வளைவும் தயக்கமும் சேர்ந்து, இறங்குமுக 5 பாரில் 0.022 மில்லியாம்பியர், அதாவது சுமார் 0.014 பார் மிஞ்சும். அந்தக் கருவியால் இயலக்கூடியது அவ்வளவே.

எதைச் சரிக்கட்டுகிறோம் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. டிஜிட்டல் ட்ரான்ஸ்மிட்டருக்குள் இரு தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன: உணரியின் சைகையை அழுத்த எண்ணாக மாற்றுவது ஒன்று, அந்த எண்ணை மின்னோட்டமாக மாற்றுவது இன்னொன்று. கையடக்கக் கருவியில் படிக்கும் டிஜிட்டல் எண் சரியாக இருந்து மின்னோட்டம் மட்டும் தவறினால் வெளியீட்டு ட்ரிம் செய்ய வேண்டும். எண்ணே தவறினால் உணரி ட்ரிம். மூன்றாவதாக வீச்சு மாற்றம் என்றொன்று உண்டு: 4 மில்லியாம்பியர் எந்த அழுத்தத்தைக் குறிக்க வேண்டும் என்று அறிவிப்பது. உணரியின் பிழையை வீச்சு மாற்றத்தால் மறைக்க முடியும் என்பதால் களத்தில் அது நடக்கிறது. மின்னோட்டம் பொருந்திவிடும், திரையில் தெரியும் எண்ணும் கட்டுப்பாட்டு அறையில் தெரியும் எண்ணும் பிரிந்துவிடும்.

குவாம், 2008

2008 பிப்ரவரி 23 அன்று குவாம் தீவிலுள்ள ஆண்டர்சன் விமானப்படைத் தளத்தில் அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானம் ஒன்று ஓடுபாதையை விட்டு எழுந்த சில வினாடிகளில் விழுந்து எரிந்தது. விமானிகள் இருவரும் இருக்கையோடு வெளியேறி உயிர் தப்பினர். விமானத்தின் மதிப்பு சுமார் 140 கோடி டாலர்.

விசாரணையில் தெரியவந்த காரணம் நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. விமானத்தின் மேற்பரப்பில் காற்றழுத்தத்தை உணரும் 24 அலகுகள் இருந்தன. அவற்றில் 3-இல் ஈரம் புகுந்திருந்தது. ஈரத்தால் தவறிய காட்டல்களைச் சரிக்கட்டுவதற்காகத் தரையில் திருத்தம் செய்யப்பட்டது. பிறகு, புறப்படுவதற்கு முன் உணரிகளின் சூடேற்றி இயக்கப்பட்டபோது ஈரம் ஆவியாகிவிட்டது. ஈரமான உணரிக்குப் பொருந்திய திருத்தம், உலர்ந்த உணரிக்குப் பிழையாகி நின்றது. கணினி வேகத்தையும் காற்றோடு விமானம் கொண்ட கோணத்தையும் தவறாகக் கணித்து, மூக்கைத் திடீரென ஏறத்தாழ 30 பாகை மேலே தூக்கியது. சூடேற்றியை முதலில் இயக்கி உலர்த்திவிட்டுத் திருத்தம் செய்யலாம் என்பது சில பணியாளர்களுக்கு முன்பே தெரிந்திருந்தும், அது எழுத்து வடிவ நடைமுறையாக எல்லோரையும் சென்றடையவில்லை.

ஆலைகளில் இதன் சிறிய வடிவம் அன்றாடம் நடக்கிறது. 250 மில்லிமீட்டர் நீர்த்தம்ப வீச்சுள்ள வேறுபாட்டு அழுத்த ட்ரான்ஸ்மிட்டரின் ஒரு பக்கக் குழாயில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கியிருந்தால், காட்டல் முழு வீச்சில் 40% நகர்ந்திருக்கும். நீரை வடிக்காமல் சுழிப் பொத்தானை அழுத்தினால் காட்டல் சுழிக்கு வந்துவிடும். அடுத்த முறை யாரோ வடிகால் வால்வைத் திறக்கும்போது அதே 40% எதிர்த்திசையில் தோன்றும். ஆகவே சரிக்கட்டும் முன் விடை காண வேண்டிய கேள்வி, ‘ஏன் நகர்ந்தது?’ என்பதுதான். இரு பக்க அழுத்தத்தையும் சமமாக்கும் சமன் வால்வு உண்மையிலேயே திறந்திருக்கிறதா, குழாய் காலியாகவோ முழுதாக நிரம்பியோ இருக்கிறதா, நுண்துளை அடைபட்டுள்ளதா என்று பார்த்த பிறகும் காரணம் கிடைக்காவிட்டால் மட்டுமே உணரியைக் குறை சொல்லலாம்.

சான்றிதழைப் படிப்பது

முன் எடுத்துக்காட்டின் ட்ரான்ஸ்மிட்டருக்கே திரும்புவோம். சரிக்கட்டும் முன் அதன் சுழிப்பிழை 0.020 பார், அனுமதியும் 0.020 பார். ஆய்வகத்தின் ஐயப்பாடு 0.005 பார் என்று சான்றிதழ் சொன்னால், உண்மைப் பிழை சுமார் 95% நம்பகத்தோடு 0.015-க்கும் 0.025-க்கும் இடையே இருக்கிறது என்பதே அதன் பொருள். இக்கருவி தேறியதா, தவறியதா என்பதற்கு எண்கள் மட்டும் விடை தராது. தீர்ப்பு எழுதும் ஆய்வகம், ஐயப்பாட்டை எப்படிக் கணக்கில் கொண்டது என்ற முடிவு விதியைக் குறிப்பிட வேண்டும் என்று ஆய்வகங்களின் தகுதிக்கான பன்னாட்டுச் செந்தரமான ஐ.எஸ்.ஓ./ஐ.ஈ.சி. 17025 கேட்பது இதனால்தான். ஐயப்பாடே குறிப்பிடாமல் ‘தேறியது’ என்று மட்டும் எழுதிய தாளைச் சான்றிதழாகக் கொள்வதற்கில்லை.

அடுத்து, சரிக்கட்டல் நடந்திருந்தால் அதற்கு முந்தைய அளவுகளும் பிந்தைய அளவுகளும் தனித்தனியே இருக்க வேண்டும். முந்தையவை இல்லாத சான்றிதழ்கள் நிறைய வருகின்றன. என் மதிப்பில் அவற்றின் பயன் பாதிதான். கருவி கடந்த ஓராண்டாக எவ்வளவு பிழையோடு ஓடியது, அந்த ஓராண்டில் வெளியேறிய சரக்கைச் சந்தேகிக்க வேண்டுமா என்பதையெல்லாம் முந்தைய அளவுகள்தான் சொல்லும்.

‘ஓராண்டு செல்லுபடியாகும்’ என்ற வாசகத்தைப் பலர் சான்றிதழில் தேடுகிறார்கள். வாடிக்கையாளருடன் உடன்பாடு இல்லாமல், அடுத்த காலிபரேஷன் எப்போது என்ற பரிந்துரையை ஆய்வகம் சான்றிதழில் சேர்க்கக் கூடாது என்பது அதே 17025 செந்தரத்தின் விதி. இடைவெளியை முடிவு செய்ய வேண்டியவர் கருவியின் உடைமையாளர். மூன்று ஆண்டுகளின் முந்தைய அளவுகள் கையில் இருந்து, சுழி ஆண்டுக்கு 0.004 பார் மட்டுமே நகர்ந்திருந்தால், 0.02 பார் அனுமதியுள்ள கருவியை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அனுப்பினாலும் போதும் என்று வாதிட இடமுண்டு. ஒரே ஆண்டில் 0.015 நகர்ந்திருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் விடுவது அதிகம். இடையில் வால்வை மூடி அழுத்தத்தை வெளியேற்றிச் சுழி எவ்வளவு காட்டுகிறது என்று மாதம் ஒருமுறை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வர எந்த ஆய்வகமும் தேவையில்லை; அளவுக்கு மீறிய அழுத்தம் பட்டு நகர்ந்த சுழி முதலில் தெரிவது அந்த நோட்டில்தான்.